உப்புத் தேநீர்

பாட்டரிகளை அவள் அக்குளில் வைத்திருக்கிறாள்.
மைனஸ் முப்பத்தொன்றில்
முதலில் கருவி சாகும்,
மனிதர்கள் அதன் பிறகுதான்.

கோபியின் வடவிளிம்பு.
நான்கு பள்ளத்தாக்குகளுக்கு ஒரே நர்ஸ், ஹாந்த்சூரென்.
மோட்டார் சைக்கிளை நிறுத்தி
"நாயைப் பிடியுங்கள்" என்று குரல் கொடுக்கிறாள்.
இங்கே கதவைத் தட்டுவதில்லை,
இதுதான் வணக்கம்.

ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு
அப்போதுதான் உள்ளே வந்த கோம்போ
உடனே கையை நீட்டினான்.
"இப்போது வேண்டாம். குளிர் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது.
ஐந்து நிமிடம் உட்காருங்கள். பேசக் கூடாது."
அவன் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து
செவெல்மா பார்த்ததில்லை.
கொப்பரைத் தேநீரை
அகப்பையால் அள்ளி அள்ளி ஆற்றிக்கொண்டே
கணவனை ரசித்தாள்.
ஒரு பிடி உப்புப் போட்டாள்.
மறந்துபோய் இன்னொரு பிடி.

பட்டை இறுகியது.
"சேணக் கச்சை மாதிரி இருக்கிறதே."
"அதேதான். உங்களுக்குள் இருப்பதை மட்டும்
இரவில்கூட யாரும் அவிழ்ப்பதில்லை."

நூற்று எழுபத்தாறு. கீழே நூற்று இரண்டு.

"வலிக்கவில்லையே."
"வலிக்காது."
"வலிக்காததற்கு மாத்திரையா?"

ஏப்ரல் மாதத்து ஆற்றைப் பற்றிச் சொன்னாள்,
மேலே கிடக்கும் பனிக்கட்டி
மெலியும்போது முனகுவதில்லை என்று.
அவன் சிரித்தான்.
"எங்கள் ஆற்றுப் பனி நன்றாகவே முனகும்.
நீ உலான்பாத்தரில் படித்தவள்."
உவமை தோற்றது.

மாவு படிந்த பலகையில்
விரலால் ஒரு குழாய் வரைந்தாள்.
உப்பைத் தின்றால் தண்ணீர் குடிக்க வேண்டும்,
குடித்த தண்ணீர் குருதியில் சேரும்,
வாய்க்கால் அதே வாய்க்கால், வெள்ளம்தான் கூடுதல்.
செவெல்மா எட்டிப் பார்த்தாள்.
அவன் கூரைத் துளையைப் பார்த்தான்.

"நாயைப் பிடியுங்கள்."
வெளியே, குழறிய குரலில்.
லுவ்சான்.
போன கோடைவரை
ஒட்டகக் குட்டியைத் தோளில் தூக்கி வந்தவன்.

வலக்கையால் கொடுத்ததை
வலக்கையால் வாங்குவதுதான் இங்கே மரியாதை.
செவெல்மா கிண்ணத்தை நீட்டினாள்.
லுவ்சான் இடக்கையால் வாங்கினான்.
எல்லோரும் அவசரமாக
அடுப்பைப் பார்த்தார்கள்.

அவனுக்கும் வலித்ததில்லை.
அவன் எண் என்னவென்று
யாருக்கும் தெரியாது.

கோம்போ மாத்திரை அட்டையை வாங்கி
மூக்குப்பொடிக் குப்பியின் பட்டுப் பைக்குள் திணித்தான்.
ஒரு நாளைக்கு இருபது முறை
அவன் கை போகும் இடம் அது.
ஒன்றும் சொல்லவில்லை.

"சரி, உனக்கு எவ்வளவு?"
கேட்டது செவெல்மா.

பதினோரு குளிர்காலங்களாகச் சுமக்கிறாள் இந்தப் பெட்டியை.
நாளைக்கு ஒன்பது கூடாரம், ஒன்பது கிண்ணம்,
மறுப்பது மரியாதையில்லை.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள் நம் பக்கத்தில்.
அவள் குருதி
ஒருவரையும் மறந்திருக்கவில்லை.

செவெல்மா பட்டையைத் தலைகீழாகச் சுற்றினாள்,
பிறகு சரியாக.
"ஐந்து நிமிடம். பேசக் கூடாது,"
என்றான் கோம்போ, பழிக்குப் பழி.

நூற்று அறுபத்தைந்து.

பதிவேட்டில் அவளுக்கு வரிசை இல்லை.
கோட்டுக்கு வெளியே, ஓரத்தில்,
சிறிய எழுத்தில் எழுதினாள்.

மார்ச்சில் மறுபடி போனபோது
உப்பு ஒரு சிறு தட்டில் தனியாக இருந்தது,
வேண்டியவர் எடுத்துக்கொள்ள.
கோம்போ ஒரு வாய் குடித்துவிட்டு
"பாத்திரம் கழுவிய தண்ணீர்" என்றான்.
இரண்டாம் கிண்ணமும் கேட்டான்.
தட்டை நோக்கி ஒரு முறை கை போனது.
லுவ்சான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
கை பட்டுப் பைக்குத் திரும்பியது.

அடுத்த கூடாரத்தில்
இன்னும் பழைய தேநீர்தான்.
பாதி குடித்துவிட்டு
அக்குளிலிருந்து
பாட்டரிகளை எடுத்தாள்.